அக்காவின் கரவன் குக்கரும் அம்மாவின் அடுப்பும்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அக்கா குடும்பத்தோடு இங்கிலாந்திலிருந்து வந்து நின்றார். அவருடைய பெட்டியில் உடுப்புகளுக்கும் சொக்கிலேற்றுகளுக்கும் நடுவே சிறிய மின்சாரக் குக்கர் ஒன்று இருந்தது. இரண்டு லீற்றர் கொள்ளும் பாத்திரம், கண்ணாடி மூடி, அடியில் சூடாகும் தட்டு, முன்னுக்கு ஒரேயொரு திருகு. தூக்கிப் பார்த்தால் ஒரு பூசணிக்காயின் பாரம்கூட இல்லை.

"உங்கே எங்களிட்டைக் கரவன் ஒன்று இருக்கு. கோடையிலே அதைக் காருக்குப் பின்னாலே கொழுவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் நிற்பம். அதுக்கு வாங்கினது" என்றார் அக்கா.

கரவன் என்பது சில்லுப் பூட்டிய சிறிய வீடு. படுக்க இடம், கழுவ இடம், சமைக்க ஒரு மூலை. அவற்றை நிறுத்தவென்றே அங்கே வளவுகள் இருக்கின்றனவாம். ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஒரு தூண், அதில் மின் இணைப்பு. ஆனால் வீட்டில் எடுப்பதுபோல் அதில் மின்சாரம் எடுக்க முடியாது. சில இடங்களில் 16 அம்பியர், சில இடங்களில் 10, இன்னும் சில இடங்களில் 6 அம்பியர் மட்டுந்தான். தண்ணீர்க் கேற்றிலையும் ஹீற்றரையும் ஒன்றாகப் போட்டால் வண்டி முழுவதும் இருண்டுவிடும். ஆகவேதான் 600 வாற்றில் வேலை செய்யும் இந்தச் சின்னக் குக்கர்.

"நான் திரும்பக் கொண்டு போகவேணும். நிற்கிற நாளிலே வீட்டிலேயும் பார், வானிலேயும் பார். பிடிச்சால் உனக்கும் ஒன்று எடுப்பம்" என்றார். கிளிநொச்சிக் கடையொன்றில் விசாரித்தேன். அதே அளவு வாற்றில் 8,500 ரூபாய்க்கு ஒன்று இருந்தது. அக்காவின் காசை வாங்க எனக்கு மனமில்லை. சீட்டுக் காசில் என்னிடம் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடந்தது. அதை நான் குசினிக்குப் புகைபோக்கி வைக்கவென்று ஒதுக்கியிருந்தேன்.

புகைபோக்கி யாருக்கு என்றால் அம்மாவுக்கு. இரண்டு வருடமாக அவருக்கு இழுப்பு. ஆஸ்பத்திரியில் பம்ப் கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்குப் போகும்போதெல்லாம் டொக்டர் கேட்கும் முதற் கேள்வி, "அம்மா, இன்னும் விறகு அடுப்புக்கு முன்னாலேதானா?" என்பது. அம்மா என்னைப் பார்ப்பார், நான் நிலத்தைப் பார்ப்பேன். சமையல் புகையால் வரும் நோய்களால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் ஒரு எண்ணாக என் அம்மா ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் யோசனை முழுவதும். குக்கரா புகைபோக்கியா என்ற கேள்வியோடுதான் அந்தப் பயணத்துக்குப் புறப்பட்டேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சியில். மின்சாரம் எங்களுக்கு 2013இல்தான் கிடைத்தது. அதற்கு முந்திய காலத்தை இளம் சகோதரிகளுக்குச் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் பவுணுக்குச் சமம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியைச் சுண்டு விரல் அளவுக்கு எரியவிட்டுப் படித்தோம். றேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். அப்படி வளர்ந்தவர்களுக்குச் சுவரில் பிளக் பொயின்ற் இருப்பதே இன்னும் ஒரு அதிசயந்தான். அதனாலோ என்னவோ, அதை நம்பிச் சமைக்க மனம் இலேசில் வருவதில்லை.

நம்பியவர்கள் பட்ட பாடும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதே ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பும் நிலை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அதே மாதம் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். பிறகு ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் அந்த வருடம் கொழும்பில் மாடி வீட்டில் இருந்தவர்கள் விறகுக்கு அலைந்தபோது, வட்டக்கச்சியில் எங்கள் அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. அம்மா அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார், சொல்லிக்கொண்டே இருமுவார்.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு பரீட்சை வைத்தோம். காற்றாடி, ரீவி, தண்ணீர் மோட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டு சுண்டு சிவப்புப் புழுங்கல் அரிசியைக் குக்கரில் போட்டு மின்மானிக்கு முன்னால் கதிரை வைத்து இருந்தேன். பழைய மின்மானி. கடைசியிலுள்ள சிவப்பு இலக்கம் பத்தில் ஒரு அலகைக் காட்டும். சோறு அவிய 50 நிமிடம் சென்றது, சிவப்பு இலக்கம் ஐந்து தரம் மாறியது. அதாவது அரை அலகு. 600 வாற்றில் 50 நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தாலும் அதே கணக்குத்தான் வரும். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடமளவில் சென்றது, அது பத்தில் ஒரு அலகு.

சோறு நன்றாகத்தான் வந்தது. அம்மா ஒரு பருக்கையை நசித்துப் பார்த்து, "கஞ்சி வடிக்க ஏலாதே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள், 12ஆம் திகதி திங்கட்கிழமை, வாடகை வானில் புறப்பட்டோம். அம்மா தன் அலுமினியச் சட்டியையும் ஒரு கட்டு விறகையும் பின் இருக்கைக்குக் கீழே தள்ளினார். "குக்கர் இருக்கேக்கை உது என்னத்துக்கம்மா?" என்று அக்கா சிரித்தார். அம்மா பதில் சொல்லவில்லை.

பரந்தன் தாண்டும்போதே அக்காவின் மகன், வானிலே குக்கரைப் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டான். வண்டியில் போன் சார்ஜ் பண்ணும் துளை இருக்கிறதே! சாரதித் தம்பி பதறிப் போனார். "ஐயோ, வேண்டாம் தம்பி, பியூஸ் போயிடும்." பையன் தொழில்நுட்பம் படிக்கிறவன், கணக்கை அவனே போட்டான். வானின் பற்றறி 12 வோல்ற்று. அந்தத் துளையின் பியூஸ் 15 அம்பியர் என்றால் 180 வாற்று மட்டுமே எடுக்கலாம். குக்கருக்கு 600 வேண்டும், அதாவது 50 அம்பியர். தடித்த வயர் போட்டு, இன்வேர்ட்டர் பூட்டி, தனியாக ஒரு பற்றறியும் வைத்தால்தான் சரிவரும். அதற்கு ஆகும் செலவில் நாலைந்து குக்கர் வாங்கலாம். கரவனும் வானும் ஒன்றல்ல என்பது பரந்தன் சந்தி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே தெளிவாகிவிட்டது.

முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று வீதி போகிறது. இப்போது கார்ப்பெற் போட்ட வீதி. இரண்டு பக்கமும் வயல், வாழை, கச்சான் தோட்டம், இடையிடையே புதிய கடைகள். 2009இன் முதல் மாதங்களில் இதே வீதியால் உழவு இயந்திரப் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாகப் போனோம். படுக்கை, கோழிக்கூடு, தையல் மெசின், சட்டிபானை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அக்கா அப்போது இங்கே இல்லை. அவருடைய பிள்ளைகளுக்குக் கரவன் என்றால் விடுமுறை. எங்களுக்கும் ஒரு கரவன் இருந்தது, ஆனால் அதில் யாரும் விடுமுறைக்குப் போகவில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பார்.

அன்றிரவு புதுக்குடியிருப்பில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். அங்கே குக்கருக்கு இரண்டாவது பரீட்சை. முதலில் பிளக் பொருந்தவில்லை. அக்காவுடையது சதுர ஊசி, சின்னம்மா வீட்டுச் சுவரில் பழைய வட்ட ஊசித் துளை. சின்னம்மா மகன் ஒரு ஈர்க்குக் குச்சியால் மேல் துளையைத் திறந்து ஊசிகளைத் திணிக்கப் பார்த்தான். நான் விடவில்லை. பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள், தொடுப்பு இளகிச் சூடாகிக் கருகுவது இதனால்தான். கடைக்கு ஆளனுப்பி ஒரு மாற்றி வாங்கினோம். 5 அம்பியர் துளைக்கு 600 வாற்றுக் குக்கர் பிரச்சினை இல்லை, இரண்டரை அம்பியருக்குச் சற்றுக் கூடத்தான் எடுக்கும். ஆனால் 1,500, 2,000 வாற்று இண்டக்ஷன் அடுப்பை அந்தத் துளையில் போடவே கூடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். வட்டக்கச்சியில் 50 நிமிடத்தில் அவிந்த அதே அளவு அரிசி, இங்கே அவிய ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. பிள்ளைகள் பசியில் சுருண்டுவிட்டார்கள். சின்னம்மா வீடு மின்கம்பி முடியுமிடத்தில் இருக்கிறது. மாலையில் எல்லா வீட்டிலும் லைற் எரியும் நேரம் வோல்ற்று இறங்கிவிடும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால் குக்கர் 600 வாற்றுக்குப் பதிலாக 410 அளவில்தான் சூடு தரும். வோல்ற்றுக் கொஞ்சம் குறைய, சூடு அதைவிடக் கூடக் குறையும். சின்னம்மா இதற்கிடையில் வெளி அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு அவித்து இறக்கிவிட்டார். பச்சை மிளகாய்ச் சம்பலோடு அதைத்தான் எல்லோரும் முதலில் சாப்பிட்டோம். சோறு வந்தபோது பாதிப் பேர் நித்திரை.

காலையில் முள்ளிவாய்க்கால் ஊடாக வட்டுவாகல் பாலத்தால் முல்லைத்தீவுக்குப் போனோம். அந்தத் துண்டு வீதியில் வானில் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கை மட்டும் இருக்கைக்குக் கீழே போய்ச் சட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது தூக்கிய சட்டி அது. 2009 மே மாதம் இந்த வீதியால் வெளியேறியபோதும் கையில் இருந்தது அது மட்டுந்தான். ஒரு பக்கம் நெளிந்து, பிடி இல்லாமல்.

அந்தச் சட்டியால் இன்னொரு கணக்கும் முடிவானது. கடைக்காரர் என்னை இண்டக்ஷன் அடுப்பு வாங்கச் சொல்லிப் பலமாக வற்புறுத்தியிருந்தார். கெதியாகச் சூடாகும், மின்சாரமும் வீணாகாது என்பது உண்மைதான். ஆனால் அது காந்தம் ஒட்டும் இரும்புப் பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். அலுமினியத்தையும் மண்சட்டியையும் அது கண்டுகொள்ளாது. அதை வாங்கினால் குசினியில் உள்ள பாத்திரம் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து உங்கள் சட்டிகளின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் அன்று சனம் இல்லை. நந்திக்கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு வந்தால் இந்த வளவில் கால் வைக்க இடமிருக்காது. சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, அது இங்கே வந்து சேரும்போது வன்னி முழுவதும் கூடி நிற்கும். உப்பு நீரில் எரியும் விளக்கைப் பற்றி அக்காவின் மகன் நூறு கேள்வி கேட்டான். அம்மா ஒன்றுக்குத்தான் பதில் சொன்னார்: "அது அம்மாளின்ரை விளக்கு. உன்ரை பிளக்கிலே எரியாது."

ஒட்டுசுட்டான், மாங்குளம், பிறகு ஏ9 வீதியால் வவுனியா, அங்கிருந்து மன்னார் வீதி. செட்டிகுளம் பக்கம் வரும்போது மெனிக் பாம் இருந்த இடத்தை நான்தான் காட்டினேன். இப்போது பற்றைக்காடும் வயலுமாய் இருக்கிறது. 2009இல் இந்தப் பக்கத்து முகாம்களில் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம் இருந்தது, கடைசி ஆட்கள் 2012 செப்டெம்பரில்தான் வெளியேறினார்கள். முதலில் சமைத்த சோற்றுக்கு வரிசை. பிறகு அரிசி, மா, பருப்பு தந்தார்கள், எரிக்க விறகு இல்லை. அம்மா அட்டைப் பெட்டிகளையும் கிழிந்த செருப்பையும் எரித்துக் கஞ்சி வைத்தவர். அந்தப் புகையும் நெஞ்சுக்குள்தானே போயிருக்கும்.

மடுவுக்குப் பொழுதுபடப் போய்ச் சேர்ந்தோம். ஆவணித் திருநாளுக்குச் சாதி சமயம் பார்க்காமல் சனம் வந்து காட்டு மரங்களின் கீழே கூடாரம் போட்டுத் தங்குவது வழமை. சிங்களக் குடும்பங்களும் லொறிகளில் பாய், சட்டி, தண்ணீர்க் கானோடு வந்திருந்தார்கள். எங்கள் கூடாரத்துக்குக் கிட்ட பிளக் ஒன்றும் இல்லை. அக்காவின் குக்கர் இரண்டு நாளும் வாழைப்பழம் வைக்கும் பாத்திரமாக இருந்தது. அம்மா மூன்று கல்லைப் பொறுக்கி வைத்து, கொண்டுவந்த விறகைப் பற்றவைத்தார். அரை மணித்தியாலத்தில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. பக்கத்துக் கூடாரத்துச் சிங்கள அம்மா ஒரு கிண்ணம் பொல் சம்பல் கொண்டுவந்து தந்துவிட்டு, எங்கள் பால்கறியில் கொஞ்சம் எடுத்துப் போனார். அம்மாவின் முகம் அந்த இரண்டு நாளும் வெளிச்சமாக இருந்தது. மின்சாரத்தைப் பற்றிய என் கணக்கெல்லாம் அங்கே தோற்றது என்று நினைத்தேன்.

ஆனால் 14ஆம் திகதி இரவு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. நாலாபக்கமும் நூற்றுக்கணக்கான அடுப்புகள், காற்றில்லாத காடு, புகை எழும்பாமல் மரங்களுக்குக் கீழேயே நின்றது. பம்ப் இரண்டு தரம் அடித்தும் அடங்கவில்லை. முதலுதவிக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய் ஆவி பிடித்தபின்தான் மூச்சு வந்தது. விடியும்வரை அவரை என் மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தேன். "திருநாள் முடியட்டும், போவம்" என்று மட்டும் சொன்னார். அக்கா ஒரு மூலையில் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, அதனால் ஒரு பயனும் இல்லாமல், இருந்தார்.

அந்த இரவில்தான் முடிவெடுத்தேன். பயணத்துக்கு இந்தக் குக்கர் உதவாது. பிளக் இல்லாத இடத்தில் அது வெறும் பாத்திரம். வீட்டுக்கு? அதற்குத்தான் மீண்டும் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. 15ஆம் திகதி பூசை முடிந்து திரும்பி வரும் வழியில், முறிகண்டிப் பிள்ளையாரடியில் வான் நின்றபோது, கச்சான் சரையைப் பிரித்து அந்தக் கடதாசியிலேயே எழுதினேன்.

எங்கள் வீட்டில் மாதம் 48 அலகு செல்கிறது. 2024இல் இருந்த கட்டண முறைப்படி 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலை, அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடின விலை, நிலையான கட்டணமும் கூடும். சோறு, கறி, தேத்தண்ணி எல்லாவற்றையும் குக்கரில் செய்தால் நாளுக்கு 1.2 அலகு, மாதம் 36. மொத்தம் 84. அது எங்களுக்குக் கட்டாது. சோறு மட்டும் என்றால் நாளுக்கு அரை அலகு, மாதம் 15. மொத்தம் 63. மூன்று அலகு கூட! அந்த மூன்று அலகு என்னை முறிகண்டியிலிருந்து வட்டக்கச்சி வரைக்கும் அரித்தது.

வழியைச் சொன்னது அம்மாதான். "அரிசியை ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டால் கெதியாய் அவியுமே. விறகு தட்டுப்பாடான காலத்திலே அப்படித்தானே செய்தனாங்கள்." வந்த அன்றே செய்து பார்த்தோம். ஊறிய அரிசி 35 நிமிடத்தில் அவிந்தது, மூடியைத் திறக்காமல் இன்னும் பத்து நிமிடம் விட்டோம். மாதம் பத்தரை அலகு. மொத்தம் 58 அரை.

புகைபோக்கியா குக்கரா என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கருத்தில்லை. என் கணவர் புகைபோக்கிதான் என்றார், அது ஒருமுறைச் செலவு, மாதாமாதம் பட்டியல் வராது. நியாயம். ஆனால் எங்கள் அடுப்பு அதிக நேரம் எரிவது சோற்றுக்குத்தான். சிவப்பு அரிசி அவியும்வரை அம்மா ஊதாங்குழலோடு அதற்கு முன்னால் குந்தியிருப்பார். சோற்றை அங்கிருந்து எடுத்தால் கறிக்கும் புட்டுக்கும் எரிக்கும் நேரம் மட்டுந்தான் மிஞ்சும், அதற்கு நான் இருக்கலாம். குக்கரை வாங்கினேன். புகைபோக்கியைத் தை மாத வெட்டு முடிந்து நெல்லுக் காசு வந்தபிறகு வைத்தோம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் பாய்ந்ததாம். அன்று சோறு குக்கருக்குள் பாதி அவியலில் நின்றது. அம்மா ஒரு சொல் சொல்லாமல் அதை அலுமினியச் சட்டிக்குள் கொட்டி அடுப்பில் ஏற்றினார். அன்று நல்ல கஞ்சியும் வடித்தார்.

இப்போது மின்மானி வாசிப்பது அம்மாவின் வேலை. பொழுதுபட மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் இலக்கத்தைப் பார்த்து, கலண்டர்த் தாளில் எழுதுவார். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது 56 என்று கண்டால், "நாளைக்கு அடுப்பிலே வைப்பம்" என்பார். சின்னம்மா குடும்பம் வந்து நின்ற மாதம் 61 வந்துவிட்டது. பட்டியலை இரண்டு நாள் எனக்குக் காட்டாமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.